நீதிபதி வீட்டில் ஓர் இலை

என் அண்ணன் மீனாட்சிசுந்தரம் மதுரையில் உயர் நீதிமன்ற நீதிபதி. ஊர் அவரைக் கர்வி என்கிறது. அட போங்கய்யா! கர்வமாவது ஒன்றாவது, மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. கூடப் பிறந்த எனக்குத் தெரியாதா?

காரைக்குடியில் வக்கீலாக இருந்தபோதே வழக்குக்காரர் கடையில் காப்பி குடிக்கமாட்டார். மாவட்ட நீதிபதி ஆனதும் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினார். எவனாவது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டால்? உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு பங்காளி வீட்டுச் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. "ஒரு சொல் வந்துட்டா அம்புட்டும் போச்சுடா இராமு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் வந்தது வினை. நாகநாதண்ணன் கண்டரமாணிக்கத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ஒரே கோயில் என்பதால் எங்கள் வழக்கப்படி அண்ணன் தம்பி முறை. அவர் மகனுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. அப்பீல் அண்ணனிடமே வந்தது. கேஸ் கட்டை வீட்டில் வைத்து முழுக்கப் படித்தார். மறுநாள், பங்காளி வழக்கை நான் கேட்கக் கூடாது என்று விலகிக்கொண்டார். முறையும் அதுதான். வேறு நீதிபதிகள் கேட்டார்கள், தண்டனை உறுதியானது.

இப்போது அண்ணன் மகள் தேனம்மைக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பங்காளிகள் கூடி, தாங்களே காய் நறுக்கி, ஆக்கி, ஒரே பந்தியில் உண்ண வேண்டும். நான்தான் போய் அழைத்தேன். நாகநாதண்ணன் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"வருவாராடா?" அண்ணன் விடிந்ததிலிருந்து இதையே கேட்டு என் கோபத்தைக் கிளறினார். வராவிட்டால் உறவு அறுந்தது. வந்தால் என்ன கேட்பாரோ! இரண்டுக்கும் நடுங்கினார்.

வந்தார். யாரையும் பார்க்காமல் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுப் பூசணிக்காயோடு உட்கார்ந்தார். அண்ணன் போய் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, கேஸ் கட்டைப் படிச்சீகளா?"

"படிச்சேண்ணே."

"எம் மகன் செஞ்சானா?"

அண்ணன் சட்டம் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை.

"அந்தச் சாட்சி சொன்னதை என்னால நம்ப முடியலண்ணே."

நாகநாதண்ணன் கை அப்படியே நின்றது.

"நீங்க ஒதுங்கினதும், பய செஞ்சுட்டான், அதான் பங்காளியே கைகழுவிட்டாகன்னு நெனச்சேன் தம்பி. அன்னைக்கிலருந்து நான் ஜெயிலுக்குப் போய் அவன் மூஞ்சில முழிக்கல."

எழுந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுப் போங்கண்ணே," என்று அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

"பெத்த அப்பச்சி வரலையேன்னு ஒருத்தன் அங்க ஜெயில்ல உக்காந்திருக்கான். எனக்குச் சோறு எறங்குமா?"

போய்விட்டார். பந்தியில் அவருக்காகப் போட்டிருந்த இலையை எடுக்கப் போனேன். அண்ணன் தடுத்தார்.

"இருக்கட்டும். வருவாராடா?"

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.