தம்பி வெளியே போய் நின்ற காலை

கொரோனா ஓய்ந்து எல்லாரும் மறுபடியும் கடை போடத் தொடங்கியிருந்த சமயம் அது. கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு எங்களுக்காகக் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பு ஒன்றில்தான் அன்றும் இன்றும் குடியிருக்கிறோம். தாமான் வாசலில், பெரிய சாலையோரம் மேசை போட்டுத் தோசையும் வடையும் விற்று வந்தேன். தொழிற்சாலையில் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கும் கணவர், படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மேசைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று ஒருநாள் எங்கள் எல்லாரையும் அந்த இடத்தை விட்டு எழுப்பிவிட்டார்கள். அதற்குப் பதிலாக நகராண்மைக் கழகம் பக்கத்திலேயே கூரை போட்டு வரிசையாகக் கடைகள் கட்டியது. அதில் சாலையைப் பார்த்த மூலைக் கடை மேல்தான் அத்தனை பேருக்கும் கண். காலையில் தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்பது அதன் எதிரில். பின்வரிசைக் கடைகளுக்கு முன்னால் கால்வாய்தான் ஓடும். அங்கே போனால் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

எனக்குக் கவலையே இல்லை. என் கூடப் பிறந்த தம்பிதான் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர். நான் வாய் திறந்து அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். ஒருவன் மேலே போனால் கூடப் பிறந்தவர்களையும் கைதூக்கிவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து மக்களிடம் எழுதாத சட்டம். பக்கத்து மேசையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்ற அக்கா அதை வெளிப்படையாகவே சொன்னார்.

"உனக்கென்ன லா, தம்பி இருக்காரு. மூலைக் கடைக்கு இப்பவே பெயிண்ட் வாங்கி வச்சிரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. அவரும் அந்த மேசையை நம்பித்தான் குடும்பம் நடத்தினார்.

கடைகளைப் பிரித்துக் கொடுப்பதற்குச் சில நாள் முன்பு தம்பி வீட்டுக்கு வந்தான். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மீட்டிங்லயே சொல்லிட்டேன். எங்க அக்கா பேரு இதுல இருக்கு, நான் தலையிட மாட்டேன்னு. எல்லார் முன்னாடியும் சீட்டுப் போட்டுத்தான் கொடுக்கப் போறாங்க. கோவிச்சுக்காதே."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஊருக்கு நல்லவன்னு பேரெடுக்க உனக்கு நான்தான் கிடைச்சேனா?" என்று கத்தினேன். அவன் எழுந்து போனான். அதன் பிறகு அவன் போன் செய்தால்கூட நான் எடுக்கவில்லை.

சீட்டுப் போடும் நாள் காலை எல்லாரும் தாமான் மண்டபத்தில் கூடினோம். அதிகாரி ஒரு பெட்டியோடு வந்திருந்தார். பெண்கள் யாரும் அதற்கு ஒப்பவில்லை. நாங்கள் மாதச் சீட்டு குலுக்கிப் பழகியவர்கள். தொட்டதுமே தெரிய வேண்டுமென்று சீட்டை ஐஸ்பெட்டியில் வைத்து ஜில்லென்று எடுத்து வருவது, ஓரத்தை மடித்து அடையாளம் வைப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. "பெட்டி வேணாம் சார், உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியணும்" என்றார்கள். யாரோ ஓடிப்போய் வீட்டிலிருந்து பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். காகிதத்தை வெட்டியதும் சுருட்டியதும் பெண்களே. மலாய்க்கார அதிகாரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அப்போது தம்பி எழுந்தான். "எங்க அக்காவும் இதுல இருக்காங்க. நான் உள்ள இருக்கறது சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வெயிலில் நின்றான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாரும் எடுங்க. மிச்சம் மீதி எனக்குப் போதும்" என்று சொல்லிக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராகப் போய் எடுத்து, பிரித்து, சத்தமாகப் படித்தார்கள். நாசி லெமாக் அக்காவுக்குப் பின்வரிசை விழுந்தது. அவர் முகம் வாடிப்போனது. சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. மூலைக் கடையை யாரும் இன்னும் படிக்கவில்லை. எனக்கு முன்னால் போனவர் பிரித்தார். நடுவரிசை!

போத்தலில் கிடந்த ஒற்றைச் சீட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆசைப்பட்ட கடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கோ அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் ஆடினார்கள் என்று ஊர் பேசப் போகிறது. "எனக்கு வேணாம். மறுபடியும் குலுக்குங்க" என்றேன்.

நாசி லெமாக் அக்கா எழுந்தார். கண் கலங்கியிருந்தது. மறுபடி குலுக்கினால் அவருக்குத்தான் லாபம்.

"எதுக்கு மறுபடி? சீட்டைச் சுருட்டினது நாங்க. எடுத்ததும் நாங்க. நாங்க அத்தனை பேரும் விட்டுட்டுப் போனதுதான் உனக்கு வந்திருக்கு. கைய விட்டு எடு லா!"

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நான் அழுதுகொண்டே எடுத்தேன்.

வெளியே போய்த் தம்பியிடம் சொன்னேன். "அப்படியாக்கா?" என்று கேட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான், அவ்வளவுதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதே கடையை அவன் ஒரு போன் போட்டு எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதன் பிறகு அந்த அக்காவின் முகத்தில் நான் எப்படி முழித்திருப்பேன்?

பின்வரிசையில் அவருக்கு முதல் சில மாதங்கள் கஷ்டம்தான். என்னிடம் வந்து நாசி லெமாக் கேட்பவர்களை அவரிடம் அனுப்பி வைப்பேன். இப்போது அவருக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ரவாங்கிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிலர், "தம்பி பிடிச்சுக் குடுத்த கடையா?" என்று இன்றும் கேட்பதுண்டு. நான் வாய் திறப்பதற்குள் நாசி லெமாக் அக்கா முந்திக்கொண்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிடுவார்.

என் தம்பி எனக்காக எத்தனையோ செய்திருக்கிறான். ஆனால் எதுவும் செய்யாமல் அன்று வெயிலில் நின்றானே, அதற்குத்தான் நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.