எரியக் கூடாத பல்பு

அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று ரோட்டில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். கேட்ட மாத்திரத்தில் என் வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினை பங்களாவின் நடுப்புல்லில் போட்டுவிட்டுத் துண்டோடு ஓடினார். குற்றாலத்தில் பிறந்தவர், முதல் தண்ணீருக்குத் தலையைக் கொடுக்காமல் இருக்க முடியுமா! நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. தலை சொட்டச் சொட்ட அவர் திரும்பியபோது, சாரலில் மெஷினும் அப்படித்தான் நின்றது.

அவர் காவல் இருந்த பங்களா அது. அறுபதுகளின் தொடக்கம். வடகரையில் வயலும் தோப்பும் உள்ள முதலாளி, கரண்டில் ஓடும் அந்த மெஷினை மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்ததற்கே முந்தின காவல்காரரை அன்றைக்கே வெளியேற்றிய மனுஷன். சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறார். வேலை போனால், பங்களாவுக்குப் பின்னால் நாங்கள் இருந்த அறையும் போகும். குழந்தைக்கு இரண்டு மாதம்.

மறுநாள் சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியைத் தொட்டவரை ஷாக் தூக்கி எறிந்தது. "ஒங்களுக்கு நல்லா வேணும்" என்று கத்தியதும் நான்தான், ஓடிப்போய்க் கையைத் தேய்த்துவிட்டதும் நான்தான்.

தென்காசியில் மோட்டார் வைண்டிங் கட்டும் அண்ணாச்சி பஸ் ஏறி வந்தார். மோட்டாரைக் கழற்றி, கரண்டில் சொருகிய, பல்பு கோத்த வயரின் ஒரு முனையைச் செம்புச் சுருளிலும் மறுமுனையை வெளிக்கூட்டிலும் வைத்தார். பல்பு மங்கலாக எரிந்தது.

"எரியக் கூடாது தாயி. கரண்டு கூட்டுக்குக் கசியுது. சுருள் கருகல, ஈரந்தான் குடிச்சிருக்கு. ரெண்டு நாள் வெயில்ல போடுங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

"ஆனி மாசக் குத்தாலத்துல வெயிலா? தென்காசியிலேருந்து நீங்களே கொண்டாங்க அண்ணாச்சி."

சிரித்தார். "எந்தச் சூடானாலும் சரி. கை பொறுக்கணும்."

கை பொறுக்கிற சூடு எனக்குத் தெரியாததா? சாரல் காலத்தில் பிள்ளைத்துணி காய்வதே அப்படித்தான். சட்டியில் சாம்பல் மூடிய கங்கு, மேலே கோழி அடைக்கிற பஞ்சாரம், அதன் மேல் துணி. துணிகளை எடுத்துவிட்டு, கங்குக்குப் பக்கத்தில் செங்கல் வைத்து மோட்டாரை ஏற்றி, பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். பிள்ளைக்கு என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினேன். அவர் மணிக்கொரு தரம் மோட்டாரைத் திருப்பி வைத்து, என்னைக் கேட்டார்.

"காஞ்சிட்டா?"

"இட்லியா வச்சிருக்கு, குத்திப் பாக்க?"

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்து பல்பை எடுத்தார். விளக்கு எரியக் கூடாது என்று எந்தப் பெண்ணாவது வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன். இலஞ்சி முருகா, எரியவிடாதே!

எரியவில்லை. பல்பிலேயே கோளாறோ என்று அண்ணாச்சி இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டார். பளிச்சென்று எரிந்தது. "பல்பும் நல்லாருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு" என்று அதை மெஷினில் மாட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே, சாரல் விட்ட நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் புல்லை வெட்டி முடித்தார்.

சனிக்கிழமை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். "நல்லா வெட்டிருக்கடே" என்றார். அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதலாளிக்கு வெந்நீர் போட விறகெடுக்கப் போன என் வீட்டுக்காரர், விறகுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். அன்றாடம் எடுக்காத எங்கள் பாத்திரங்களும் நாலு மாற்றுத் துணியும்.

"ஏட்டி, இதை எப்பம் கட்டுன?"

"மெஷின் நனைஞ்ச அன்னைக்கே."

அவர் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன்.