களிமண் இல்லாத களிமண் குழி

செவ்வாய்க்கிழமை காலை சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் கிளிப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வெள்ளைப் பொடி. போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. வர்ணம் பூசுகிற பெண்களில் ஒருவர் அதை எடுத்து என் காதோடு பிடித்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ரங்கநாயகி மேடத்தின் தம்பி பேசினார். "சார், அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னாங்க. காரு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." நான் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன். சாவுச் செய்திக்குச் சரிங்க என்று பதில் சொன்ன மடையன் இந்த விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் பீங்கான் பட்டறைக்காரர்கள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். "செயலாளரு நீங்க, ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்றார்கள். மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். நின்று பேசினால் பாதியில் நழுவிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் ரொம்ப நாள் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் பட்டறை எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பொம்மைக்கும் பியூஸ் கட்டைக்கும் பளபளப்புக் கொடுக்கிற கிளேஸ் பூச்சு இருக்கிறதே, அந்தத் தொட்டிகளைக் கழுவினால் அடியில் கசடு தங்கும். அதில் ஈயம் உண்டு, கலர் பொடிகளின் நஞ்சு உண்டு. வருஷக்கணக்காக ஷெட்டுகளின் பின்னால் அதைக் குவித்து வைத்திருந்தோம். எல்லோருடைய கசடையும் ஒரே இடத்தில், கசியாதபடி தொட்டி கட்டி அடக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் தொழிற்பேட்டைக்கே பூட்டு என்று மேலிடத்து நோட்டீஸ் வந்தது. அதற்கு இடம் பார்த்துச் சொல்லத்தான் மேடத்தைக் கூப்பிட்டோம். நிலத்தடி நீர் பார்க்கிற அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கைங்கரியக் குடும்பம். தகப்பனார் பெருமாளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். மகள் மண்ணைத் தோண்டிப் பார்க்கப் படித்தார்.

முதல் நாள் தனியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு குடை, ஒரு துணிப்பை. நான் டீ, பிஸ்கட், தடியாக ஒரு ஃபைல் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். "ஃபைலு எங்க போவப் போவுது? கசடு எங்க இருக்குது, அதக் காட்டுங்க" என்றார். உறை மாட்டிய கையால் குவியல் குவியலாகக் கிளறிப் பார்த்தார். "இந்த நீலம் யாருது? இந்த மஞ்ச யாருது?" ஒரே மத்தியானத்தில் பேட்டையின் அத்தனை பட்டறைகளும் கலரோடு அவருக்கு மனப்பாடம். "பச்சை?" என்றார். "நான்தாங்க. கிளிப் பச்சைக்கு இந்த ஊருல நம்மள விட்டா ஆளு கெடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த குவியலுக்குப் போனார்.

இடம் என்று வந்தபோது நமக்கெல்லாம் ஒரே எண்ணம்தான். பேட்டைக்குக் கிழக்கே, கம்மாபுரம் போகிற பக்கம், நம் அப்பாக்கள் காலத்திலிருந்து மண் எடுத்த களிமண் குழி. தோண்டின செலவு மிச்சம், தூரமும் இல்லை. களிமண் தண்ணீரை விடாது என்பதை நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மேடமோ வேப்பூர் பக்கம் ஒரு மேட்டு நிலத்தைக் காட்டினார். அடியில் பாறை, மேலே கட்டாந்தரை, லாரி வாடகை வேறு. கூட்டத்தில் எல்லோரும் கத்தினார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினது நான். சுடாத ஈரக் களிமண்ணில் ஒரு கிண்ணம் பிடித்து, முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். "பாருங்க மேடம், ஒரு சொட்டு எறங்கியிருக்குதா? களிமண்ணப் பத்தி எங்ககிட்டயேவா?" கைதட்டல் அடங்க நேரமானது. அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிண்ணம் நல்லா வந்திருக்குதுங்க. நாளைக்குக் காலையில குழிக்கு வாங்க" என்றார்.

குழியின் அடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் போடச் சொல்லி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். ஒரு விளக்குமாற்றுக் குச்சி வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அதைப் பள்ளத்தில் நட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் குடையோடு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுகிற பழக்கம் அவருக்கு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்கிலிருந்து ஆளுக்கு ஒரு டீ ஊற்றினேன். டீ முடிவதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது. குச்சி ஈரமாக நின்றது. "உங்க கிண்ணத்துல களிமண்ணு இருக்குதுங்க. இந்தக் குழியில எங்க இருக்குது? நீங்கதான எல்லாத்தையும் வெட்டியெடுத்து கப்பும் பொம்மையுமா வித்தீங்க? மிச்சம் இருக்கறது மணலு. மணலுக்குக் கீழ தண்ணி. அந்தாண்ட நிலக்கரிச் சுரங்கத்துல ராப்பகலா தண்ணி எறைக்கறாங்க, அது வேற இழுக்கும்." எனக்குக் காது சுட்டது. மூன்று தலைமுறையாகக் களிமண்ணில் சாப்பிடுகிறவர்கள் நாம். களிமண் குழி, களிமண் குழி என்று சொல்லிச் சொல்லி, குழி என்றால் மண் போன இடம் என்பதையே மறந்துபோயிருந்தோம்.

இதுவரைக்கும் உங்களுக்கும் தெரியும். இதற்குமேல் தெரியாது. அன்றைக்கு அவர் வடகிழக்கு மூலையில், வேலிக்காத்தான் புதர் ஓரமாக இன்னொரு துளையும் போட்டார், மண் எடுக்கிற திருகுக் கம்பியால். அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். வேணாம் மேடம், அங்கே முள்ளு என்றேன். பாம்பு இருக்குது என்றேன். அவர் பாட்டுக்குத் திருகினார். மூன்றடி ஆழத்திலிருந்து கம்பி மேலே வந்தபோது அதன் பல்லில் பச்சை ஒட்டியிருந்தது. கிளிப் பச்சை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த மண்ணைப் போட்டு மூடினார்.

அங்கிருந்து குழிக்கரையில் இருக்கிற புதுத் தெருவுக்குப் போனோம். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்து குடியேறினவர்கள் தெரு அது. தெருவுக்கு ஒரே கைப்பம்ப்பு. அதன் பக்கத்து வீட்டு அஞ்சலை எங்களைப் பார்த்ததும், "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பம்ப்பு அடித்து ஒரு செம்பு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "வேணாம்மா, இப்பதான் டீ குடிச்சேன்" என்றேன். அஞ்சலையின் கை அப்படியே நின்றது. மேடம் அந்தச் செம்பை வாங்கி அண்ணாந்து முழுக்கக் குடித்தார். "உப்பே இல்ல, நல்லா இருக்குதும்மா" என்றார். எந்தக் கிணறு முதலில் வற்றும், மாசி மாதத்தில் தண்ணீர் கலர் மாறுமா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி குடிச்ச டீ, இப்பதான் குடிச்ச டீ ஆயிடுச்சா தண்டபாணி?" அதற்குமுன் என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, செக்ரட்டரி சார்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற ஆத்திரம். "நீங்க பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவீங்க. எம்பட்டறைய மூடுனா பன்னெண்டு பொம்பளைங்க நடுத்தெருவுல நிப்பாங்க, தெரியுமா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "தெரியுங்க. புதுத் தெருவுலயும் பொம்பளைங்க இருக்காங்க, அதுவும் தெரியும். பழைய கசடு இருக்குதுன்னு எழுதுவேன். கொட்டுனத நான் பாக்கல, அதனால பேரு எழுத மாட்டேன். ஆனா எங்கெங்க கொட்டுனது, எத்தன லோடு, அது கொட்டுனவருக்குத்தான் தெரியும். அவரு வந்து காட்டுனாத்தான் தோண்டி எடுக்க முடியும். அம்மாம் பெரிய குழிய முழுசா தோண்ட யாராலயும் ஆவாது." பஸ் வந்தது. "போயிட்டு வரேன்" என்று ஏறிக்கொண்டார்.

குழி வேண்டாம் என்று கடைசியில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். வேப்பூர் பக்கத்து மேட்டைச் சுற்றியிருக்கிற மானாவாரிக்காரர்கள் சும்மா விட்டார்களா? எங்க தலையில ஏன் கொட்டறீங்க என்று சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான். மேடம் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, "கசியாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேங்க" என்றே ஆரம்பித்தார். "நல்ல எடம்னு ஒண்ணும் கெடையாது. தப்பு நடந்தா கண்ணுக்குத் தெரியற எடமா இருக்கணும். குழியில கசிஞ்சா நேரா அடித் தண்ணிக்குப் போயிடும், யாருக்கும் தெரியாது. மேட்டுல கசிஞ்சா ஓரத்துல ஈரம் காட்டும், அன்னிக்கே நிறுத்தலாம்." தொட்டிக்கு அடியில் புதிதாக வெட்டின நல்ல களிமண்ணை நாம் கொண்டுபோய் மிதித்துப் போட்டுத்தர வேண்டும், சுற்றிலும் நாலு சோதனைக் கிணறு, அவற்றின் சாவி அந்த ஊர்க்காரர்கள் கையில் என்று பேசி முடித்தார். அந்தச் சாவி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

களிமண் குழியைப் பற்றி அவர் எழுதின தாள் சங்கத்து ஃபைலில் கிடந்தது. அந்த ஃபைலின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை; ஆனாலும் பருவம் தப்பாமல் பஸ் ஏறி வந்து அஞ்சலை வீட்டுப் பக்கத்துப் பம்ப்பில் தண்ணீர் பிடித்து, ஈயம் வந்துவிட்டதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எனக்கு ஒரு போன். "இன்னும் வரலீங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறேன்! போன் வந்ததும் ஓட்டலுக்குப் போய் இரண்டு பரோட்டா கூடத் தின்றிருக்கிறேன், வெட்கங்கெட்டவன். கடந்த மழைக்கப்புறம் வந்த போனில், "வந்துடுச்சிங்க" என்றார். "குடிக்கக் கூடாதுன்னு பம்ப்புக்குச் செகப்புப் பெயின்ட் அடிச்சாச்சி. பஞ்சாயத்துல சொல்லியாச்சி. லாரித் தண்ணி வரும். மண்ணுல இருக்கறத எடுக்காத வரைக்கும் இது கூடிக்கிட்டேதான் போவும் தண்டபாணி." அப்போதும் நான் "சரிங்க" என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

துக்கத்துக்குப் போனபோது தம்பி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தாங்க சார்." நூல் சுற்றின விளக்குமாற்றுக் குச்சியும் அந்தப் புட்டியும் உள்ளே இருந்தன. புட்டியில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. இடம்: களிமண் குழி, வடகிழக்கு மூலை. ஆழம்: மூன்று அடி. நிறம்: பச்சை. கொட்டியவர் என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். பாவம் தம்பி, அக்கா மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்.

அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். ஒரு மாட்டுப் பொங்கல் அன்று, ஊரே மாடு குளிப்பாட்டப் போயிருந்த பட்டப்பகலில், டிராக்டரை நானே ஓட்டிப்போய்க் கொட்டினேன். வேலிக்காத்தான் புதருக்கு நேர் கீழே நாலு லோடு. அங்கிருந்து கரையோரமாக முப்பது தப்படி தெற்கே மூன்று லோடு. மேலே மண் தள்ளி மூடினதும் நான்தான். அந்தக் குழியையே இடமாக்க வேண்டும் என்று கிண்ணம் பிடித்துக் கத்தினதும் இதற்காகத்தான்; ஊர்க் கசடு மேலே விழுந்தால் என் பச்சை கீழே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வெள்ளிக்கிழமை காலை அதிகாரிகளை வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழியில் குச்சியை நட்டு இடம் காட்டுவேன். பட்டறைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பன்னிரண்டு பெண்களிடமும் சொல்லியாயிற்று. இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. உங்களில் வேறு கலர்காரர்களுக்கும் அங்கே வந்து நிற்க இடம் இருக்கிறது. நான் யார் பெயரையும் எழுத மாட்டேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குச்சி ஒன்றைத்தான். புட்டியை அதிகாரிகளிடம் கொடுத்துவிடுவேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன் புதுத் தெருவுக்குப் போனேன். அஞ்சலை லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடத்தோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க தண்ணி குடிக்கல. எங்க கையால குடுத்த தண்ணின்னுதான் குடிக்கலன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.