செவ்வாய்க்கிழமை அம்மா வீட்டில் காய்ச்சல்

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கெல்லாம் அவள் செவ்வாய்க்கிழமை அம்மா. என்றைக்குப் போய் நின்றாலும், "டாக்டருக்கு நேரமில்லைங்க, செவ்வாய்க்கிழமை வாங்க" என்பாள். செவ்வாய்க்கிழமையே போய் நின்றவர்களுக்கும் அதே பதில்தான். என்ன, அடுத்த செவ்வாய். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடும் ஆறடி ஆளையும் சிரித்த முகம் மாறாமல் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்ட இரும்பு மனுஷிக்கு, சொந்தக்காரர் யாராவது போனில் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் போதும், முதுகெலும்பு கழன்று எங்கேயோ போய்விடும்.

மகளுக்கு ஆறு வயது நிறையப் போகிறது. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்டு யாரும் சிரமப்பட்டதில்லை. பிறந்தநாளுக்கு எத்தனை பேரை அழைப்பது என்று பேச்சு வந்தபோது, செவ்வாய்க்கிழமை அம்மா கூடத்தைக் கண்ணால் அளந்தாள். சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினால் பன்னிரண்டு பேர் நிற்கலாம். உட்காருவது அவரவர் சாமர்த்தியம்.

"வாலுவோட படிக்கிற பிள்ளைங்க எட்டு, கூட வர்ற அம்மாமார் நாலு பேர். பன்னிரண்டுக்கு மேல ஒரு ஆள் கூடாதுங்க."

"சரி, சரி," என்றார் கணவர்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கே பிரேக் போட வேண்டும் என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த மகான். தன் வாய்க்கு ஒன்றைப் பொருத்திக்கொள்ள மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"அக்காகிட்ட லேசா சொல்லி வச்சேன்."

"லேசான்னா?"

"வீட்டோட வாங்கன்னு."

அக்கா வீட்டோடு கிளம்பினால் வேன் பிடிக்க வேண்டும். அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் பெரியப்பாவுக்குச் சொல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? பெரியப்பாவுக்குச் சொன்னது சின்ன மாமா காதில் விழாமல் இருக்குமா? அந்த வாரம் முழுக்க அவர் லேசாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு நாற்பதைத் தாண்டியதும் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

பிறந்தநாள்காரியையும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தார்கள். "யாரும் வேணாம்மா. கேக்கை நான் மட்டும் சாப்பிட்டுக்கறேன்," என்றாள் வாலு. அந்த வீட்டில் நாலும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கடைசியில் செவ்வாய்க்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக் குரலை எடுத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல். கொண்டாட்டத்தைத் தள்ளி வச்சிருக்கோம்." சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இதையே சொன்னாள். "எந்த நாளுக்கும்மா?" என்று பெரியப்பா கேட்டபோது, பழக்கதோஷத்தில் "செவ்வாய்..." வரைக்கும் வந்து இருமிச் சமாளித்தாள். தனக்கு இவ்வளவு திறமையா என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பிள்ளைகளும் நாலு அம்மாமாரும் கணக்குத் தப்பாமல் வந்து சேர்ந்தார்கள். பலூன் ஊதியாயிற்று, கேக்கும் மேசைக்கு வந்தாயிற்று. அப்போது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நாத்தனார். கையில் ஒரு கூடை பழம், பின்னால் முழு வேன்.

"பிள்ளை காய்ச்சல்ல கிடக்குன்னு சொன்னியே, மனசு கேக்கலம்மா."

படியில் வெந்நீர்ப் பையும் கையுமாகப் பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறந்தநாளுக்கு வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்த சின்ன மாமாவும் குடும்பத்தோடு ஏறி வந்தார். கேக் என்றால் யோசிக்கிறவர்கள் காய்ச்சல் என்றால் யோசிப்பதில்லை. நாற்பது பேருக்குப் பயந்து சொன்ன பொய்க்கு ஐம்பது பேர் வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நோயாளி தலையில் காகிதக் கிரீடத்தோடு, மூக்கெல்லாம் கிரீமோடு, ஒரு பையனைத் துரத்திக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தாள். நாத்தனார் அவளைப் பிடித்து நிறுத்தி நெற்றியில் கை வைத்தார்.

"சுடலையே."

"இப்பதான் குறைஞ்சுது அண்ணி."

"கிரீடம் வச்சதும் குறைஞ்சிடுச்சாக்கும்."

"எனக்குக் காய்ச்சலா?" வாலு குதித்தாள். "அப்ப நாளைக்கு லீவா?"

செவ்வாய்க்கிழமை அம்மா மகள் மூக்கிலிருந்த கிரீமை அவசரமாகத் துடைத்தாள். கணவர் அவசர வேலை இருப்பவர்போலப் பால்கனிக்கு நழுவிவிட்டார்.

யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. படுக்கையறை, சமையலறை, மாடிப்படி என்று எல்லா இடத்திலும் ஆட்கள். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த மேல்வீட்டுக்காரரையும் பெரியப்பா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். கேக்கை வெட்டினார்கள் என்பதைவிடச் சீவினார்கள் என்பதே சரி. ஒவ்வொரு துண்டின் வழியாகவும் எதிரே இருப்பவர் முகம் தெரிந்தது. நல்லவேளையாக, நோயாளிக்கு வந்த பழங்கள் மலையாகக் குவிந்திருந்தன.

சமையலறையில் நாத்தனார் ஆப்பிள் நறுக்கினார். பக்கத்தில் தலைகுனிந்து தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னார்: "இடமில்லைன்னு நேரா சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே."

"நிஜமாவா அண்ணி?"

"பொய்தான். வந்திருப்பேன். ஆனா தனியா வந்திருப்பேன். இந்தப் படையைக் கட்டி மேய்க்க எனக்கு மட்டும் ஆசையா என்ன? வீட்டோட வாங்கன்னு உன் புருஷன் சொன்னா யாரை விட்டுட்டு வர்றது?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரோடு அப்படி வயிறு வலிக்கச் சிரித்தது கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னார்: "அடுத்த வருஷம் காய்ச்சல் வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடும்மா. கேக் நானே வாங்கிட்டு வந்துடறேன்."

கடைசி ஆளும் படியிறங்கிய பிறகுதான் கணவர் பால்கனியிலிருந்து வெளிப்பட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதில்ல?" என்றார். செவ்வாய்க்கிழமை அம்மா, ஐம்பது பேர் தின்ற எச்சில் தட்டுகளை அவர் கையில் மோவாய் வரைக்கும் அடுக்கிவிட்டு, குழாய் இருக்கும் திசையைக் காட்டினாள்.