அகழி வீட்டுத் தேங்காய்

ஒரே கதையை நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, அப்போதுதான் முதல் தடவை சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதுதான் வழிகாட்டி வேலை; இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் தினமும் தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் நிற்பது, யாங்கூன் ஓரத்தில் அகழி சூழ்ந்த ஒரு குட்டிக் கோட்டையில். இப்போது அது நாட்டுப்புற அருங்காட்சியகம்.

போர் நடக்காத கோட்டை

கட்டியவர் ராஜா இல்லை, அரிசி ஆலை முதலாளி. வெள்ளம் ஏறாமலிருக்க மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார். மண் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது, அதுதான் அகழி. ஊரார் கோட்டை என்று சொல்லச் சொல்ல ஆசை வந்து, மூலைக்கொரு கோபுரமும் வைத்துவிட்டார்.

கடைக்காரர் காதர் பாய் தமிழ்நாட்டு விருந்தாளிகளோடு வந்தார். இங்கே சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று விருந்தாளிகள் கேட்டார்கள். ஒருவருமில்லை என்றேன். பாய் என்னைத் தனியே அழைத்தார். "ரெண்டு பேரையாவது சொல்லக்கூடாதாம்மா? வெயில்ல இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்ல!"

பழங்காலச் சமையலறை

கியாக்தான் ஊரிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் எங்கள் கல்லுரலையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னோர்கள் பயன்படுத்தியது என்று விளக்கினேன். "காலையிலகூட இந்த மாதிரி உரல்லதான் மிளகாய் இடிச்சிட்டு வந்தேன். அப்ப என்னையும் இங்கேயே வச்சுக்கோங்க!"

தேங்காய்

இடித்த தன் பழைய வீட்டின் தூணை எங்களுக்குக் கொடுத்தவர் டோ மியா என்ற அம்மாள். வீட்டுக் காவல் தெய்வத்துக்காகச் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிட்ட தேங்காயும் அதோடு வந்தது. இங்கே பல வீடுகளில் அது உண்டு, காய்ந்தால் மாற்றிவிடுவார்கள். நாங்கள் மாற்றவில்லை.

ஒருநாள் டோ மியா புதுத் தேங்காயோடு வந்து அழுதார். கப்பலில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து போனே இல்லையாம். "சாமியைப் பட்டினி போட்டுட்டு யார்கிட்ட போய்க் கேப்பேன்?" நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன். ஊ தெய்ன் என்ற அந்த மேலாளர் காட்சிப்பொருளை மாற்றக்கூடாது என்று கறாராகச் சொன்னார். பழைய தேங்காய் அழுகினால் பூச்சி தூணுக்கும் பரவுமே என்றேன். அதற்கு மட்டும் அசைந்தார்.

டோ மியா தேங்காயைக் கட்டி, கும்பிட்டுவிட்டுப் போனார். மகன் இன்னும் பேசவில்லை. நானும் தினம் விசாரிக்கிறேன். அன்று அவர் போனபிறகு மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணருகே போனார். "அடுத்தது எப்ப மாத்தணும்னு கேட்டு வை. என் பொண்ணும் வெளிநாட்டுலதான் இருக்கா."

தொடாதீர்கள் என்று பலகை மாட்டலாம் ஐயா, கும்பிடாதீர்கள் என்று யார் மாட்டுவது?