கேப்டனுக்காக நான் சொன்ன பொய்

நான் ஒரு பொய் சொன்னேன். எப்போதோ இறந்துபோன ஒரு கேப்டனின் மானத்தைக் காக்கவே அதைச் சொன்னதாக அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை... என் தேர்தலுக்காகத்தான் சொன்னேன்.

அந்தக் கேப்டனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் நியூஜெர்சி ஆற்றிலிருந்து நியூயார்க்குக்கு நீராவிக் கப்பல் ஓட்டியவர். கப்பல் தளத்தைக் கழுவும் வேலையில் தொடங்கி, சொந்தமாகக் கப்பல் வாங்கி, கடைசியில் மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார். ஊருக்குப் பாலம் கேட்டார், பள்ளிக்கூடம் கேட்டார். ஊரார் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

நானும்தான்! ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எனக்கு ஐடி வேலை. விடுமுறை நாட்களில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் தொண்டு. நகர மன்றத் தேர்தலில் நின்றபோது, போன கூட்டங்களில் எல்லாம் அவர் கதையைத்தான் சொன்னேன். வெறுங்கையோடு வந்த அவரை இந்த ஊர் ஏற்றுக்கொண்டது, என்னையும் ஏற்றுக்கொள்ளும் என்றேன். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு முஸ்லிமுக்கு அதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

அந்தக் கதையில் ஒரு விபத்து உண்டு. ஒருநாள் கப்பலின் கொதிகலன் வெடித்து, அடுப்புக்குக் கரி போடும் கறுப்பினத் தொழிலாளி இறந்தார். அவர் குடித்துவிட்டுத் தூங்கியதுதான் காரணம் என்று விசாரணையில் கேப்டன் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் கேப்டனின் கொள்ளுப்பேரன், முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, என்னிடம் வேறு கதை சொன்னார். போட்டிக் கப்பலை முந்துவதற்காக, அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியேற்றும் வால்வை இறுக்கிக் கட்டச் சொன்னது கேப்டனேதான்! "எங்க குடும்பத்துக்குள்ளயே வெச்சிருந்தோம். எனக்கப்புறம் இது தெரிஞ்ச ஆள் இல்ல," என்றார். சில வாரங்களில் அவரும் போய்விட்டார்.

அதன் பிறகுதான் டோரதி என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், இறந்த தொழிலாளியின் கொள்ளுப்பேத்தி.

"அவர் குடிக்கவே மாட்டாராம். வால்வைக் கட்டச் சொன்னது கேப்டன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

இரண்டு குடும்பங்கள் தனித்தனியே பொத்திவைத்த ஒரே உண்மை... இரண்டு பக்கமும் கேட்டவன் நான் மட்டும்தான். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் பெயரில் பூங்கா திறப்பு. அதில் பேசப்போவது நான்.

"இல்லை மேடம். நல்லா விசாரிச்சுப் பார்த்துட்டேன். அப்படி யாரும் சொன்னதில்ல," என்றேன். என் குரல்கூட நடுங்கவில்லை!

வீட்டில் என் மனைவி ஜமீலாவுக்கு எல்லாம் தெரியும். "மச்சான், அந்த லேடிகிட்ட உண்மைய சொல்லிடுங்க," என்றாள்.

"எலெக்‌ஷன் முடியட்டும்."

"முடிஞ்சா மட்டும் சொல்லிடுவீங்களா?"

நான் பூங்கா திறப்புக்கான பேச்சை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.

பூங்கா திறப்பன்று டோரதி முன்வரிசையில் இருந்தார். என் பேச்சு முடிந்ததும் அருகில் வந்து கையைப் பற்றிக்கொண்டார்.

"விசாரிச்சு சொன்னதுக்கு தேங்க்ஸ். செத்துப்போன கேப்டன் மேல நாங்க வீணா பழி போட்டுட்டிருந்தோம். இனிமே பேரப்பிள்ளைங்களுக்கு இந்தக் கதைய சொல்ல மாட்டேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்... சிரித்தேன். புகைப்படத்துக்கு அவரோடு நின்றேன்.

தேர்தலில் வென்றேன். டோரதியும் எனக்குத்தான் வாக்களித்தாராம். நகர மன்றக் கூட்டங்களுக்கு வரும்போது தூரத்திலிருந்தே கையசைக்கிறார். நானும் அசைக்கிறேன்.

அந்தத் தொழிலாளி குடிகாரர் என்று ஊரை நம்பவைத்தவர் கேப்டன். நான் அந்தத் தொழிலாளியின் சொந்த வீட்டையே நம்பவைத்துவிட்டேன்!

இப்போது உங்களிடம் சொல்ல மட்டும் எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று கேட்கிறீர்களா? இதைத் தமிழில் எழுதுகிறேன்... டோரதிக்குத் தமிழ் தெரியாது.