சும்மா கிடந்த இடம்

மங்கையற்கரசிக்குச் சும்மா கிடக்கிற நிலத்தைக் கண்டால் கண்ணில் முள்ளுக் குத்தினமாதிரி. முருங்கன் ஊர்ப் பக்கத்து வயற்காரப் பிள்ளை. தகப்பன் கனகரத்தினம் வரம்பில்கூடப் பயறு போடுகிற மனுசன். பிறவிக் குணத்தை என்ன செய்யிறது?

அந்தக் குணத்தோடுதான் அவள் உப்புக்குளத்து வாடகை வீட்டில் இருந்து, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணினியில் சிலிக்கன் சில்லு வரைந்துகொண்டிருந்தாள். மற்றச் சில்லுகளில் மின்சாரம் மட்டும் ஓடும். இவளுடையதில் ஒளியும் ஓடும். மயிரிலும் மெல்லிய பாதையால் வருகிற ஒளியை ஒரு குட்டி வளையம் பிடித்துக் கொடுக்கும். அது மின்சாரமாகிப் பக்கத்து மின்சுற்றுக்குப் போகும். வளையம் பொல்லாத ரோசக்காரி. கொஞ்சம் சூடு பட்டாலும் பிடித்ததை விட்டுவிடும். மின்சுற்றோ ஓட ஓடச் சுடும். ஆனபடியால் மின்சுற்றைச் செய்த ஹுசைன், இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடம் வெறுமையாக விடவேணும் என்று எழுதியே கொடுத்திருந்தான். பக்கத்து மூர் வீதிக்காரன், அதே கம்பனியில் வேலை. இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அக்கா கேட்டாளா? அந்த வெறும் இடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மின்சுற்றை நகர்த்தி வளையத்தோடு ஒட்ட வைத்துவிட்டாள். சில்லு சிறுத்தது, கம்பனி மெச்சியது. எப்படிச் சிறுத்தது என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்துச் சில்லு செய்து வந்தது. மின்சுற்றுக்கு மின்சாரம் கொடுத்த இரண்டாம் நிமிடமே வளையம் ஒளியைக் கைவிட்டது. கணினியில் நடந்த கூட்டத்தில் எல்லாரும் ஹுசைனைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுடைய மின்சுற்றுத்தான் மிஞ்சிச் சுடுகுதாம். மாத முடிவோடு அவன் வேலையை விட்டுப் போகலாமாம். இவள் வாய் திறக்கவில்லை. பாவி, அந்த நேரம் திறந்திருக்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் புருசன் சுகந்தன் பஸ் ஓட்டம் முடிந்து வந்தபோது, அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவளுடைய சோற்றுக் கோப்பையை எடுத்து மூடி வைத்தான்.

"வேலை போனால் போகட்டும். நான் பஸ் ஓடுறன்தானே. வாரும், முதல்ல அந்தப் பெடியனிட்டைப் போவம்."

மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். ஹுசைன் கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்.

"தம்பி, பிழை என்ரை. நீர் விடச்சொன்ன இடத்தை நான்தான் திண்டிட்டன்."

"தெரியும் அக்கா. கூட்டம் முடிஞ்ச உடனேயே வரைபடத்தைத் திறந்து பாத்தனான்."

"பிறகேன் கம்பனிக்குச் சொல்லேல்லை?"

"நீங்க வருவீங்க எண்டு நினைச்சன்." அவன் கதிரையை இழுத்துப் போட்டான். "நேற்றில இருந்து வாசலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அந்தக் கதிரையில் இருந்தே, அவனுடைய கணினியில், கம்பனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். நல்ல ஏச்சு விழுந்தது. ஆனாலும் ஹுசைனின் வேலை தப்பியது. அவளுக்கும் இன்னொருக்கால் வரையக் கிடைத்தது. இந்தமுறை சொன்ன இடத்தை விட்டாள். அடுத்த சில்லில் வளையம் ஒளியைப் பிடித்தது, பிடித்தபடியே இருந்தது.

சந்தோசத்தில் தகப்பனுக்குப் போன் எடுத்துக் கதை முழுவதையும் சொன்னாள். மனுசனுக்கு ஒரு இடம்தான் செரிக்கவில்லை.

"அவ்வளவு இடத்தையும் சும்மாவோ பிள்ளை விட்டனி?"

"சும்மா இல்லையப்பா," என்றாள். "அது ஹுசைன்ரை இடம்."